எவரெஸ்ட் மலைக்கும் ஓர் ஊராட்சி உண்டு!

உலகத்திலேயே உயரமான மலை எது?

பள்ளிக்கூடம் போகும் சிறுவனைக் கேட்டாலும் "எவரெஸ்ட்" என்று பட்டென்று சொல்வான். அதன் உயரம் 29,032 அடி என்பதையும் சிலர் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள்.

சரி, அந்த மலை எந்த ஊராட்சியைச் சேர்ந்தது?

இந்தக் கேள்விக்குப் படித்த பெரியவர்களும் விழிப்பார்கள். "எவரெஸ்டுக்கு ஊராட்சியா?" என்று சிரிப்பவர்களும் உண்டு.

உண்டு! மலையின் தெற்குப் பக்கம் நேபாள நாட்டில் இருக்கிறது. அங்கே அதற்கு ஓர் ஊராட்சி இருக்கிறது. தலைவர் இருக்கிறார். வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கூடம், மருத்துவம், பாதை, குப்பை ஆகிய எல்லாவற்றுக்கும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஊராட்சியின் பெயர், கும்பு பாசாங் லாமு.

ஒவ்வொரு வருடமும் உலகத்தின் நாலு மூலைகளில் இருந்தும் மலை ஏறுகிறவர்கள் அங்கே வந்து குவிகிறார்கள். பணம் வருகிறது. புகழ் வருகிறது. ஆபத்தும் வருகிறது. பணமும் புகழும் பல இடங்களுக்குப் பங்கு போகின்றன. ஆபத்து மட்டும் அந்த ஊர்க்காரர்களிடமே தங்கிவிடுகிறது. இது நியாயமா என்பதுதான் கேள்வி.

மூன்று சிகரங்கள், ஐந்து வார்டுகள்

நேபாளத்தின் கிழக்குப் பகுதியில் சோலுகும்பு என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அதன் வடபகுதிதான் இந்த ஊராட்சி. வடக்கே திபெத் எல்லை.

பரப்பு சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஒன்பதாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும். வார்டுகள் ஐந்து.

இவ்வளவு பெரிய இடத்தில் இவ்வளவு குறைந்த மக்களா என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. நிலத்தில் பெரும்பகுதி பாறை, அல்லது பனிக்கட்டி. மனிதன் குடியிருந்து பயிர் செய்யக்கூடிய இடம், ஆற்றங்கரை மேடுகளிலும் மலைச் சரிவுகளிலும் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது.

உலகில் 8,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் 14 தான். அவற்றில் எவரெஸ்ட், லோட்சே, சோ ஓயு ஆகிய மூன்றும் இந்த ஒரே ஊராட்சியின் எல்லையில் நிற்கின்றன.

கும்பிலா என்று இன்னொரு மலையும் உண்டு. உயரத்தில் அது சிறியது. ஆனால் ஊர் மக்களுக்கு அதுதான் குலதெய்வம். அதன் உச்சியில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

ஊராட்சியின் நடுவே ஓடும் ஆற்றின் பெயர் தூத் கோசி. "தூத்" என்றால் பால். பனிக்கட்டி ஆறுகள் பாறையை மாவு போல அரைத்து, அந்த மாவைத் தண்ணீரில் கரைத்து அனுப்புகின்றன. அதனால் ஆறு வெள்ளையாக ஓடுகிறது.

ஆற்றின் மேற்புறம் நாம்சே என்ற ஊர். 11,286 அடி உயரத்தில், குதிரை லாடம் போல வளைந்த சரிவில், படிப்படியாக வீடுகள். அங்கே கூடும் சனிக்கிழமைச் சந்தை பெயர் பெற்றது. அரிசி, காய்கறி, எண்ணெய், துணி எல்லாம் கீழ் நாட்டிலிருந்து மலை ஏறி வர வேண்டும். நாம்சேக்கு மோட்டார் ரோடு கிடையாது. சுமை கூலிகளின் முதுகும், கோவேறு கழுதையும், கலப்பின யாக் மாடும்தான் அங்கே லாரி! அவசரம் என்றால் ஹெலிகாப்டர்.

பெயர் வைத்தவர்கள் யார்?

மலைக்கு எவரெஸ்ட் என்ற பெயர் வந்த கதையும் வேடிக்கையானது.

அந்தக் கதை சென்னையில் தொடங்குகிறது. 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் பரங்கிமலைப் பக்கத்தில் நிலத்தை அளக்க ஆரம்பித்தார். முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே வடக்கே போன அந்த நில அளவை, பல வருடங்களுக்குப் பிறகு இமயமலை அடிவாரத்தைத் தொட்டது. தொலைவிலிருந்தே சிகரங்களின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். உலகிலேயே உயரமானது எது என்பது தெரிந்தது. கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர், ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி.

1865-ல், முன்பு நில அளவைத் தலைவராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட் என்பவரின் பெயரை மலைக்குச் சூட்டினார்கள்.

ஆனால் மலையடியில் வாழ்ந்தவர்கள் அதை அதற்கு முன்பே "சோமோலுங்மா" என்று அழைத்து வந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. தொலைவில் இருந்தவர்கள் முடிவு செய்தார்கள்; மலையடியில் இருந்தவர்கள் பிறகு கேள்விப்பட்டார்கள். அந்த மலையின் சரித்திரத்தில் இது பல முறை நடந்திருக்கிறது.

கிழக்கிலிருந்து வந்தவர்கள்

கும்புவில் வாழும் மக்களில் பெரும்பாலோர் ஷெர்பாக்கள். "ஷெர்பா" என்றால் மலை ஏறுகிறவன் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓர் இனத்தின் பெயர். "ஷர்" என்றால் கிழக்கு. "பா" என்றால் மக்கள். கிழக்கத்தி மக்கள்!

சுமார் 500 வருடங்களுக்கு முன்பு இவர்களுடைய முன்னோர்கள் திபெத்தின் கிழக்குப் பகுதியான காம் நாட்டிலிருந்து புறப்பட்டு, பனி மூடிய கணவாயைக் கடந்து இங்கே வந்து குடியேறினார்கள்.

நாங்பா லா என்ற அந்தக் கணவாய் 18,000 அடிக்கு மேல் உயரம் கொண்டது. அதுதான் பிற்காலத்தில் அவர்களுடைய வியாபாரப் பாதையும் ஆயிற்று. திபெத்திலிருந்து உப்பும் கம்பளி மயிரும் வரும். தெற்கேயிருந்து தானியம் போகும். யாக் மாட்டின் முதுகில் மூட்டையை ஏற்றிக்கொண்டு, பனிக்கட்டியின் மேல் நடந்து போய் வாணிபம் செய்தார்கள். 1959-க்குப் பிறகு திபெத்தில் நிலைமை மாறியது. அந்த வியாபாரமும் படுத்துவிட்டது.

வயிற்றுப்பாட்டுக்கு வாற்கோதுமையும் பாப்பரையும் விதைத்தார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் உருளைக்கிழங்கு வந்தது. குளிர் மண்ணில் அது நன்றாக விளைந்தது. இன்று கும்பு வீட்டுச் சாப்பாட்டில் உருளைக்கிழங்குதான் முதல் இடம்.

நாவா சொன்னால் சொன்னதுதான்!

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

சட்டசபையும் சர்க்கார் அலுவலகமும் இல்லாத காலத்திலேயே அந்த மக்கள் தங்கள் ஊரைத் தாங்களே ஆண்டு வந்தார்கள். அதற்கு "நாவா" என்று ஒரு முறை வைத்திருந்தார்கள்.

நாவா என்றால் காவலர். ஊர் மக்களே தங்களுக்குள் அந்தப் பொறுப்பைக் கொடுப்பார்கள். அது தலைமுறைப் பதவி அன்று. இந்த வருடம் ஒருவர். அடுத்த வருடம் வேறொருவர்.

பயிர் முளைத்ததும் நாவா ஒரு நாளைக் குறிப்பார். அந்த நாளுக்குள் ஊரில் உள்ள யாக் மாடுகள் எல்லாம் மேலே உள்ள மேய்ச்சல் நிலத்துக்குப் போய்விட வேண்டும். அறுவடை முடிந்து நாவா சொல்லும் வரை திரும்பி வரக் கூடாது. மாடு தங்கிவிட்டால் அபராதம். பணக்காரன் மாடானாலும் சரி, ஏழை மாடானாலும் சரி!

காட்டுக்கு ஒரு நாவா தனியாக உண்டு. எந்த மரத்தை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது என்பதை அவர் பார்த்துக்கொள்வார். பச்சை மரத்தைத் திருட்டுத்தனமாக வெட்டியவர் ஊர்க் கூட்டத்தில் தலை குனிந்து அபராதம் கட்ட வேண்டும்.

1950-களில் ஆஸ்திரியாவைச் சேர்ந்த பியூரர் ஹைமண்டார்ப் என்ற ஆராய்ச்சி அறிஞர் கும்புவுக்கு வந்தார். இந்த முறையைப் பார்த்து, 1964-ல் வெளிவந்த தம்முடைய புத்தகத்தில் விரிவாக எழுதினார்.

அவ்வளவு உயரத்தில் ஒரு மரம் வளர மிக நீண்ட காலம் பிடிக்கும். புல் ஒரு பருவம் கெட்டால் மாடு பட்டினி. தவறு செய்தால் திருத்திக்கொள்ள இடம் கிடையாது. அதனால்தான் கட்டுப்பாடு அவ்வளவு கண்டிப்பாக இருந்தது. அந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் அந்த மண்ணுக்கு ஏற்ற சட்டத்தைச் செய்துகொண்டார்கள்.

காடு கை மாறியது

1957-ல் நேபாள அரசாங்கம் காடுகளை நாட்டுடைமை ஆக்கியது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் கும்புவில் விளைவு வேறு விதமாக இருந்தது.

பின்னர் மரம் வெட்ட வேண்டுமானால் சர்க்கார் அலுவலகத்தில் சீட்டு வாங்க வேண்டும் என்று ஆயிற்று. சீட்டு எழுதும் அதிகாரிக்கு அந்தக் காட்டைப் பற்றித் தெரியாது. காட்டைத் தெரிந்த நாவாவுக்கு அதிகாரம் இல்லை. சீட்டோடு வருகிறவனை அவர் எப்படித் தடுப்பார்? பல ஊர்களில் காட்டு நாவாவின் சொல் செல்லாக் காசாகிவிட்டது.

அதே காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். 1953 மே 29-ம் தேதி டென்சிங்கும் ஹில்லாரியும் உச்சியில் கால் வைத்த பிறகு, கும்புவின் பெயர் உலகமெல்லாம் பரவிவிட்டது. வந்தவர்களுக்குச் சமைக்க விறகு. குளிர் காய விறகு. விடுதி கட்ட மரம்!

1976-ல் அங்கே சாகர்மாதா தேசியப் பூங்கா ஏற்பட்டது. 1979-ல் அது உலகப் பாரம்பரிய இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. தங்களை ஊரை விட்டே வெளியேற்றி விடுவார்களோ என்று மக்கள் பயந்தார்கள். நல்ல வேளையாக அப்படி நடக்கவில்லை. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பிறகு ஒரு நல்ல மாறுதல் வந்தது. அந்த மண்ணில் பிறந்த மிங்மா நோர்பு ஷெர்பா என்பவர் பூங்காவின் தலைமைக் காவலர் ஆனார். பதவிக்கு வந்த முதல் ஷெர்பா அவர்தான். 1980-களில் காட்டு நாவா முறைக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார்கள். 2002-ல் பூங்காவைச் சுற்றி ஒரு காப்பு வட்டாரம் அமைந்தது. பூங்காவின் வருமானத்தில் 30 முதல் 50 சதவிகிதம் வரை உள்ளூர் மக்களின் நன்மைக்குச் செலவாக வேண்டும் என்ற சட்டம் இங்கும் நடைமுறைக்கு வந்தது.

ஊராரை ஒதுக்கியபோது நிர்வாகம் தடுமாறியது. அவர்களைச் சேர்த்துக்கொண்டபோது நிமிர்ந்தது. இதை யாரும் மறக்கக் கூடாது.

பள்ளிக்கூடமும் விமான நிலையமும்

ஹில்லாரி வெற்றி பெற்றதோடு ஊருக்குப் போய்விடவில்லை. திரும்பத் திரும்பக் கும்புவுக்கு வந்தார். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஷெர்பாக்களிடம் கேட்டார். அவர்கள் பணம் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் கேட்டார்கள்!

1961-ல் கும்ஜுங் என்ற ஊரில் பள்ளிக்கூடம் திறந்தார்கள். மிங்மா நோர்பு படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். 1966-ல் குண்டே என்ற ஊரில் ஆஸ்பத்திரி வந்தது. அந்தக் காலத்தில் அயோடின் சத்துக் குறைவால் கும்புவில் பலருக்குக் கழுத்தில் கழலை இருந்தது. ஊமையாகவும் செவிடாகவும் குழந்தைகள் பிறந்தன. அயோடின் ஊசி போட ஆரம்பித்த பிறகு அந்தக் கொடுமை ஒழிந்தது.

1964-ல் லுக்லாவில் விமானம் இறங்கும் இடம் அமைத்தார்கள். முதலில் நல்ல சமவெளி வயலைத்தான் பார்த்தார்கள். விவசாயிகள் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அதனால் மேலே ஒரு சரிவு நிலம் கிடைத்தது. மண்ணை இறுக்க இயந்திரம் ஏது? ஷெர்பாக்கள் வரிசையாக நின்று, காலால் மிதித்து ஆட்டம் ஆடியே மண்ணை இறுக்கினார்கள்!

லுக்லாவின் ஓடுபாதை 1,729 அடி நீளம்தான். ஒரு முனையில் மலைச் சுவர். மறு முனையில் பாதாளம். 2001-ல் தான் அதற்குத் தார் போட்டார்கள்.

பெயர் தந்த பெண்

ஊராட்சியின் பெயரில் இருக்கும் பாசாங் லாமு யார்?

அவர் 1961-ல் லுக்லாவுக்கு அருகே பிறந்த ஷெர்பா பெண். ஆண்கள் மூட்டை தூக்கி மலை ஏறிய காலம் அது. பெண்கள் வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டார்கள். பாசாங் லாமு உச்சிக்கே போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மூன்று முறை முயன்றார்; மூன்று முறையும் உச்சியை எட்ட முடியவில்லை. மனம் தளரவில்லை.

நான்காம் முறை, 1993 ஏப்ரல் 22-ம் தேதி, எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அந்த உச்சியைத் தொட்ட முதல் நேபாளப் பெண் அவர்தான். ஆனால் இறங்கி வரும்போது பனிப்புயல் வழி மறித்தது. உயிரோடு திரும்பவில்லை.

நேபாளம் அவரைத் தேசிய மேதைகளின் வரிசையில் வைத்துப் போற்றுகிறது. 7,351 மீட்டர் உயரமுள்ள ஒரு சிகரத்துக்கு அவர் பெயர். அவர் பிறந்த மண்ணின் ஊராட்சிக்கும் அவர் பெயர். ஓர் ஊர் தன் மகளின் பெயரைத் தானே தாங்கிக்கொண்டு நிற்பது அழகுதானே!

ஊராட்சி பிறந்தது

நேபாளத்தில் 1997-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2002-ல் முடிந்தது. அதன் பிறகு 2017 வரை உள்ளாட்சித் தேர்தலே இல்லை! பதினைந்து வருடங்கள், கிராமங்களுக்குப் பொறுப்பு சர்க்கார் சிப்பந்திகள்தான்.

2015-ல் புதிய அரசியல் சட்டம் வந்தது. 2017-ல் பழைய கிராமக் குழுக்களைச் சேர்த்து, நாடு முழுவதும் 753 உள்ளாட்சிகளை அமைத்தார்கள். அவற்றில் 460 கிராமத்து உள்ளாட்சிகள். நேபாள மொழியில் அவற்றுக்குக் "காவுன்பாலிகா" என்று பெயர். நாம்சே, கும்ஜுங், சௌரிகர்கா முதலிய பழைய குழுக்கள் சேர்ந்து கும்பு பாசாங் லாமு ஆயிற்று.

வார்டு ஒன்றுக்கு ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அந்த நால்வரில் இருவர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளிப் படிப்பு, அடிப்படை மருத்துவம், உள்ளூர்ப் பாதை, உள்ளூர் வரி, ஆபத்துக் கால உதவி என்று 22 அதிகாரங்களை அரசியல் சட்டமே உள்ளாட்சிக்குக் கொடுத்திருக்கிறது.

புது ஊராட்சி சும்மா இருக்கவில்லை. வந்த வருடமே சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு 2,000 நேபாள ரூபாய் நுழைவுக் கட்டணம் விதித்தது. மெல்லிய பிளாஸ்டிக் பையும், பிளாஸ்டிக் புட்டியில் அடைத்த பானமும் 2020 முதல் கூடாது என்று தீர்மானம் போட்டது.

2024-ல் இன்னொரு கட்டளை வந்தது. மலை ஏறுகிறவர்கள் தங்கள் மலத்தையும் பையில் கட்டிக் கீழே கொண்டு வர வேண்டும்! கேட்டுச் சிலர் சிரித்தார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவ்வளவு உயரத்துக் குளிரில் எதுவும் மக்காது. பனி உருகினால் எல்லாம் கீழே உள்ள ஊரின் குடிதண்ணீரில்தான் வந்து சேரும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவனுக்குத்தானே அந்த அருவருப்பு தெரியும்!

நாவா அன்று மாட்டுக்குப் போட்ட கட்டளையை, ஊராட்சி இன்று மனிதனுக்குப் போடுகிறது. அவ்வளவுதான்.

பணம் எங்கே போகிறது?

எவரெஸ்ட் ஏற வெளிநாட்டுக்காரர் ஒருவர் கட்ட வேண்டிய கட்டணம் 11,000 டாலராக இருந்தது. 2025 செப்டம்பர் முதல் அது 15,000 டாலர். 2023 வசந்த காலத்தில் மட்டும் 470-க்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். அந்த ஒரு மலையில் ஒரு பருவத்தில் வந்த பணம், ஐம்பது லட்சம் டாலருக்கு மேல்!

சட்டப்படி இந்த வருமானத்தில் பாதி மத்திய அரசாங்கத்துக்கு. கால் பங்கு மாகாணத்துக்கு. மீதிக் கால் பங்குதான் உள்ளாட்சிகளுக்கு.

கால் பங்காவது கிடைக்கிறதே என்று சிலர் கேட்கலாம். முன்பு இருந்ததற்கு இது எவ்வளவோ மேல் என்பதும் உண்மை. ஆனால் ஆபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்று பார்த்தால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

1985 ஆகஸ்டு 4-ம் தேதி, திக் சோ என்ற பனி ஏரி உடைந்தது. கட்டி முடியும் தறுவாயில் இருந்த மின்சார நிலையத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. 14 பாலங்கள் போயின.

2014 ஏப்ரல் 18-ம் தேதி, கும்பு பனிச் சரிவில் பனிப்பாறை விழுந்து 16 தொழிலாளிகள் மாண்டார்கள். அத்தனை பேரும் நேபாளிகள். அவர்கள் குடும்பங்களுக்கு உடனடி உதவியாக அரசாங்கம் முதலில் அறிவித்த தொகை, ஆளுக்கு 40,000 நேபாள ரூபாய். அப்போதைய மதிப்பில் சுமார் 400 டாலர்! மலை ஏறும் தொழிலாளிகள் கொதித்து எழுந்தார்கள். அந்த வருடம் தெற்குப் பக்கத்தில் மலை ஏறுவது நின்றது.

மறு வருடம், 2015-ல், பூகம்பம். வீடுகள் இடிந்தன. மலையடி முகாமில் பனி சரிந்து பலர் மாண்டார்கள்.

2024 ஆகஸ்டு 16-ம் தேதி, தாமே என்ற ஊருக்கு மேலே பனி ஏரி உடைந்தது. டென்சிங் சிறு வயதில் வளர்ந்த ஊர் அது. வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம் எல்லாவற்றையும் சேறும் கல்லும் மூடின. பகல் வேளையாக இருந்ததால் உயிர்கள் தப்பின. இரவாக இருந்திருந்தால்?

இதில் ஒரு பாடம் இருக்கிறது. இம்ஜா என்ற பெரிய ஏரியைப் பற்றி உலகமே பேசியது. 2016-ல் ராணுவம் போய் வாய்க்கால் வெட்டி, அதன் தண்ணீர் மட்டத்தைப் பத்து அடிக்கு மேல் குறைத்தது. நல்ல வேலை; பாராட்ட வேண்டும். ஆனால் தாமேயை அழித்தவை அதைப் போலப் பெயர் பெற்ற ஏரிகள் அல்ல. யாரும் பெரிதாகப் பேசாத சின்ன ஏரிகள்! பூமி சூடாக ஆக, பனி உருகி இப்படிப்பட்ட ஏரிகள் பெருகுகின்றன. தலைநகரில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சின்ன ஏரியையும் தினந்தோறும் பார்க்க முடியாது. மேலே மாடு மேய்க்கிறவன் பார்ப்பான்.

மறுபக்கமும் உண்டு

ஊராட்சிக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

அப்படிச் சொல்வதும் தவறு. கும்புவில் விடுதி வைத்திருப்பவர்கள் கை ஓங்கியிருக்கிறது. கீழ் நாட்டிலிருந்து வந்து மூட்டை தூக்கும் ராய், தமாங் இனத்துக் கூலிகள் பலருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை. அவர்களுக்காகப் பேச ஆள் வேண்டாமா? "வருகிறவர்கள் எண்ணிக்கையைக் குறையுங்கள்" என்று சொன்னால், விடுதிக்காரருக்குக் கை நடுங்கத்தான் செய்யும்.

பனி ஏரியின் கரையைப் பலப்படுத்த எஞ்சினீயர்கள் வேண்டும், ஹெலிகாப்டர் வேண்டும், பெரும் பணம் வேண்டும். ஒன்பதாயிரம் பேர் கொண்ட ஊராட்சி தனியாக என்ன செய்யும்?

இன்னொன்றும் இருக்கிறது. வசதி வந்த குடும்பங்கள் பிள்ளைகளைக் காட்மாண்டுவுக்குப் படிக்க அனுப்புகின்றன. சில பிள்ளைகள் அமெரிக்காவரை போய்விடுகிறார்கள். போனவர்களில் பலர் திரும்புவதில்லை. நாவாவாக நிற்க ஆளே இல்லாமல் போனால், அதிகாரத்தை யாரிடம் கொடுப்பது?

இத்தனையும் உண்மை. ஆனால் இதனால் அதிகாரத்தைத் தலைநகரிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆகாது. வேலை இருந்தால்தான் ஆள் இருப்பான். மரியாதை இருந்தால்தான் பொறுப்பு வரும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, எவரெஸ்ட் கட்டணத்தில் மலையடி ஊராட்சியின் பங்கு உயர வேண்டும். உயர்ந்த பங்கு விடுதி கட்டப் போகக் கூடாது. ஏரிக் காவல், அபாயச் சங்கு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி ஆகியவற்றுக்கு என்றே ஒதுக்கி வைக்க வேண்டும்.

இரண்டாவது, ஒரு பருவத்தில் எத்தனை பேருக்கு அனுமதி கொடுப்பது என்பதை ஊராட்சியைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். குப்பை விழுவது அதன் எல்லையில். பிணம் இறங்குவது அதன் பாதையில். கேட்காமல் முடிவு செய்வது முறையா?

மூன்றாவது, மத்திய அரசாங்கம் கை கழுவிவிடக் கூடாது. எஞ்சினீயர்களையும் கருவிகளையும் அது கொடுக்கட்டும். கண்ணும் காதும் உள்ளூர்க்காரருடையதாக இருக்கட்டும்.

நான்காவது, ஊராட்சியும் தன் கணக்கை நாம்சே சந்தையில் எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும். மூட்டை தூக்கும் கூலிக்கு ஓட்டு இல்லாவிட்டாலும், கூட்டத்தில் பேச ஓர் இடம் கொடுக்க வேண்டும்.

இவை ஆகாத காரியங்கள் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலேயே காட்டையும் பயிரையும் கட்டிக் காத்தவர்கள் அந்த ஊர்க்காரர்கள்.

மலை உச்சியில் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறவர் சில நிமிஷங்கள்தான் அங்கே இருப்பார். பிறகு இறங்கி, விமானம் ஏறி, தம்முடைய நாட்டுக்குப் போய்விடுவார். மழைக் காலத்து இரவில், மேலே ஏதோ சத்தம் கேட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டியவள் தாமேயில் இருக்கும் தாய்.

எவரெஸ்டைப் பற்றி முடிவு செய்யும்போது, முதலில் கேட்க வேண்டியது அவளைத்தான்.